மண்ணெண்ணெய் டின்னில் ஒரு சக்களத்தி

எனக்கு முன்னால் என் புருஷனுக்கு மூன்று பெண்டாட்டிகள். அதில் இரண்டு பேர்தான் மனுஷிகள். மூன்றாவது ஒரு செடி.

இதைச் சொன்னால் ஓமலூரில் என் அண்ணன் வீட்டுப் பக்கம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் ஒரு செடிக்குச் சோறு வைத்துவிட்டு அதற்குப் பிறகு உட்கார்ந்து தின்றவர்கள் இல்லை. நான் தின்றிருக்கிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் செங்கோட்டையன், வீடு அஸ்தம்பட்டியில். ஏற்காட்டு மலையிலிருந்து காப்பிக்கொட்டை மூட்டைகளை மாட்டுவண்டியில் இறக்கிக்கொண்டு வருவது தொழில். மேலே துரைமார் பங்களாக்களில் ஒடிந்தது, வாடியது என்று குப்பையில் எறிகிற செடிகளை எல்லாம் மூட்டைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு வந்துவிடுவார். வாசலில் மண்ணெண்ணெய் டின், தார் டின், விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, கழுத்து உடைந்த குடம் என்று கண்ணில் பட்டதில் எல்லாம் மண்ணைக் கொட்டி ஒரு செடி வைத்திருந்தார். குரோட்டன்ஸ், பெரணி, பேர் தெரியாத கொடிகள். நான் அந்த வீட்டுக்குப் போனபோது நல்ல பாத்திரங்களில் பாதிக்கு மேல் செடிகள் குடியேறியிருந்தன. ரசம் வைக்க ஒரு சட்டி வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைக் கிளப்பிவிட வேண்டும். அவர் விடமாட்டார்.

கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அந்தச் செடிகள் எல்லாம் எங்கேயோ வெக்கையும் மழையுமாக இருக்கிற சீமையில் பிறந்தவையாம், பனி ஆகாதாம். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு டின்னாகத் தூக்கி உள்ளே வைப்பார். தரையின் சில்லிப்பு ஏறாமல் அடியில் செங்கல். மேலே கோணிச் சாக்கு. காலையில் வெயில் ஏறியதும் மறுபடி வாசலுக்கு. தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, சில்லென்று இருந்தால் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகுதான் ஊற்றுவார், அதுவும் கொஞ்சமாக. மாட்டைக் கட்ட மறந்தாலும் மறப்பார், டின்னை மறக்கமாட்டார்.

அவருடைய முதல் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டாவது பிளேக்கில் போனாள். என்னை அவருக்குக் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டில் முதலில் கேட்ட கேள்வியே மூன்றாம் தாரம் தங்குமா என்பதுதான். எனக்கு அப்பனும் ஆத்தாளும் இல்லை, வயசும் ஏறிக்கொண்டிருந்தது, அண்ணிக்கு என்னைத் தள்ளிவிட்டால் போதும். ஆனாலும் ஒரு நியாயத்துக்குக் கேட்டார்கள்.

மாமியார் அங்காளம்மாள் உடனே வெங்கடாசலம் ஜோசியரைக் கூப்பிட்டாள். அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"மூணாந்தாரம் தங்காதுங்க. மொதல்ல ஒரு வாழைக்கோ எருக்குக்கோ தாலியைக் கட்டி, அதை வெட்டிப் போடோணும். தோஷம் அதோட போயிரும். அப்பறமாக் கட்டறவ நாலாந்தாரம். அவளுக்கு ஒரு கொறையும் வராது."

எங்கள் பக்கம் இது புதுசு இல்லை. வாழையைக் கட்டி வெட்டிவிட்டு, பிறகு பெண் கட்டிப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் யாருக்கும் செடிப் பைத்தியம் கிடையாது.

"வாழை குலை தள்ளற நேரமுங்க. அதை எப்பிடி வெட்டறது?" என்றிருக்கிறார் இவர்.

"அப்ப எருக்கு?"

"எருக்குல பட்டாம்பூச்சிப் புழு குடியிருக்குதுங்க."

ஜோசியருக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுருள்ளது எதுனாலும் சரி. நீங்களே ஒண்ணைக் கொண்டாங்க" என்றார். இவர் வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அதில் சேம்பு மாதிரி ஒரு செடி. இலை நம் சேம்பின் இலைதான், ஆனால் நடுவில் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் பச்சை. பங்களாவிலிருந்து வந்ததால் அதற்கு வீட்டில் பங்களாச் சேம்பு என்று பெயர்.

முறைப்படி அதற்குக் கண்ணாத்தாள் என்று பெயர் வைத்து, மஞ்சள் கயிற்றைத் தண்டில் கட்டினார்கள். அடுத்தது வெட்ட வேண்டும். இவர் குறுக்கே நின்றுகொண்டார். "வெட்ட வேண்டாமுங்க. மார்கழிப் பனிக்கு இது தானாவே போயிரும்" என்றார்.

ஜோசியர் யோசித்தார். வெட்டினால் கொலை, தானாகச் செத்தால் விதி, அதனால் இதுவே மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவர் சொன்னபடியே மார்கழியில் இலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கடைசி இலை விழுந்த அன்று மாமியார் டின்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாளாம். சொந்தக்காரர்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். இவர் தலைமுழுகினார். செடிக்குத் தீட்டுக் குறைச்சல்தான் என்று ஜோசியர் சலுகை கொடுத்ததால் தை பிறந்ததும் எனக்குக் கல்யாணம். நான் நாலாந்தாரமாக, பயமில்லாமல் வந்து சேர்ந்தேன்.

வந்த அன்றே கவனித்தேன். அடுப்புச் சுவரின் அந்தப் பக்கம், கதகதப்பான இடத்தில், செங்கல்மேல் ஒரு டின். உள்ளே காய்ந்த மண் மட்டும்.

"அந்த டின்னுல மட்டும் தண்ணி ஊத்தாதே, சென்னி" என்றார்.

"வெறும் டின்னுல எவளாச்சும் தண்ணி ஊத்துவாளாங்க?"

"சும்மா சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டார்.

சித்திரையில், மற்ற டின்களோடு அந்த வெறும் டின்னும் வாசலுக்குப் போயிருந்தபோது, ஒரு கோடைமழை பெய்தது. அதற்கு இரண்டொரு நாளில் மாமியார் வாசலிலிருந்து போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. டின்னுக்குள் இளஞ்சிவப்பாக, சுருட்டி வைத்த வெற்றிலை போல ஒரு குருத்து நின்றது. ஒப்பாரி வைத்து, தலைமுழுகி, துக்கம் விசாரித்து அனுப்பிய மருமகள் எழுந்து வந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மற்ற யாருக்கும் வரவில்லை. ஜோசியரைக் கூப்பிட்டார்கள். அவர் டின்னைச் சுற்றி வந்தார், என்னையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மூணாமவ சாகலைன்னா, அந்தச் சாவு இன்னும் இந்த ஊட்டுல பாக்கி நிக்குது" என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. வந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது என் சிரிப்பு நின்றது.

என் மாமியாரை ஒன்று சொல்ல வேண்டும், முறை தவறாதவள். உயிரோடு இருக்கிறவரை அதுவும் மருமகள்தானே என்று, மூத்தாளுக்குத்தான் முதலில் என ஆரம்பித்துவிட்டாள். வடித்த சோற்றில் முதல் கைப்பிடி டின்னுக்கு. ஆடிப்பெருக்குக்கு மஞ்சள் கயிறு முதலில் அதற்கு. எனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் அதைக் காட்டித்தான் சொல்வாள்.

"கண்ணாத்தாளைப் பாரு. என்னிக்காச்சும் வாயைத் தொறந்து எதுத்துப் பேசறாளா?"

"அவளுக்கு வாய் இருந்தாப் பேசுவாளுங்க அத்தை" என்றேன்.

"இருந்தாலும் பேசமாட்டா. குணம் அப்பிடி."

ஒரு தகர டின்னோடு போட்டி போட்டுத் தோற்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் சொல்வேன். அதுவோ நாளுக்கு நாள் இலையை விரித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கும்படி சிவந்துகொண்டே போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அழகாக இருக்கிறாள் என்பதையும் மறுக்க முடியவில்லை, அதுதான் கூடுதல் எரிச்சல்.

அதற்குள் நான் முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். எனக்கு இருந்தது அண்ணி வீடு. அண்ணி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள், பாக்கி நிற்கிற சாவு எங்கள் வீட்டில் வந்து தீர வேண்டாம் என்று. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். முதல் பெண்டாட்டி பிரசவத்தில்தான் போனாள் என்பது எனக்கும் தெரியும். பிள்ளை வயிற்றில் உதைக்கும்போதெல்லாம் சந்தோஷம் வரும், கூடவே சாவு பயமும் வரும்.

கார்த்திகை பிறந்து டின்கள் உள்ளே வரத் தொடங்கின. கண்ணாத்தாளின் இலைகள் தொங்க ஆரம்பித்தன. மாமியார் ஜோசியரிடம் போய்விட்டு முடிவோடு வந்தாள். "இந்தத் தடவை தழை விழுந்தாப் போதாது. கெழங்கைத் தோண்டி நெருப்புல போடோணும். உனக்கு வலி காணறதுக்குள்ள அவ போயிரோணும் அம்மிணி."

அவர் அன்று மாலை டின்களை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தபோது நான் வழிமறித்துக் கேட்டேன்.

"ஏனுங்க, அவளா நானா?"

டின்னைக் கீழே வைத்தார். பிறகு, "நான் தெரிஞ்சுதான் கட்டுனேன் சென்னி. இது பனிக்குத் தூங்கும், வெய்யலுக்கு முழிக்கும். கெழங்கு சாகாதுன்னு பங்களாத் தோட்டக்காரர் சொல்லித்தான் குடுத்தாரு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என்ற உசுரை வெச்சு வெளையாடுனீங்களா?"

"ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போயி இந்தக் கையால மண்ணு தள்ளுனேன். மூணாவதா ஒருத்திக்குத் தாலி கட்டி நானே வெட்டோணும்னா, அது செடின்னாலும் கை வரலை. அவ செத்தா நீ பொழைப்பேன்னு நம்புனா, அவ பொழைச்சா நீ செத்துப்போவேன்னும் நம்போணும். நான் ரெண்டையும் நம்பலை." அதுவரை நன்றாகத்தான் பேசினார். "ஆனாப் பயமா இருக்குது சென்னி. நொம்பப் பயமா இருக்குது."

பயந்த மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மறுநாளிலிருந்து அதை எனக்குச் செய்ய ஆரம்பித்தார். என் கட்டிலை அடுப்புச் சுவர் ஓரம், கண்ணாத்தாளின் டின்னுக்குப் பக்கத்தில் போட்டார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். பொழுது சாய்ந்தால் என்மேல் கம்பளியைப் போட்டு, அதற்குமேல் ஒரு கோணிச் சாக்கையும் போட்டார். காலையில் வெயில் ஏறியதும் நான் எழுவதற்குக்கூடக் காத்திராமல் கட்டிலோடு சேர்த்து என்னை வாசலுக்கு இழுத்துவிடுவார். வெயில் திரும்பினால் கட்டிலையும் திருப்புவார். எனக்குக் குடிக்கக் கொடுக்கிற தண்ணீரை முதலில் அவர் உள்ளங்கையில் ஊற்றிப் பார்ப்பார்.

"காத்தால தண்ணி கம்மியாக் குடி. வேர் அழுகிப்போ..." என்று ஒருநாள் ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெருவில் போகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. குரோட்டன்ஸ், பெரணி, நான், கண்ணாத்தாள் என்று வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருப்போம். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. என்னை யாரும் அதற்குமுன் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அப்படி ஒருநாள் வெயிலில் கிடக்கும்போதுதான் மாமியாரைக் கவனித்தேன். வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தட்டுவாள், டின்னைப் பார்ப்பாள், என் வயிற்றைப் பார்ப்பாள், மறுபடி டின்னைப் பார்ப்பாள். அவள் கெட்டவள் இல்லை. இரண்டு மருமகள்களைப் பறிகொடுத்தவள், மூன்றாவது சாவு எந்தப் பக்கமிருந்து வரும் என்று காவல் இருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வையில் டின்னும் நானும் ஒன்றுதான். இன்றைக்கு அது போனால் நான் இருப்பேன். நாளைக்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைத் தோண்டுவார்கள்? ஒருத்தி செத்தால்தான் இன்னொருத்தி பிழைப்பாள் என்று நம்புகிற வீட்டில் நான் பிள்ளை பெறமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். சக்களத்திமேல் பாசம் எல்லாம் இல்லை. பிடிவாதம்தான்.

தை பிறக்கிற சமயம் அவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். போனால் திரும்ப மறுநாள் மாலையாகும். மாமியார் இதற்காகவே காத்திருந்தவள், நேராக ஜோசியரைக் கூப்பிடப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் கட்டிலிலிருந்து இறங்கினேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து டின்னைக் கிளறியது எனக்குத்தான் தெரியும். கிழங்கு உருண்டையாக, மண் ஒட்டிக்கொண்டு, கனமாக இருந்தது. அடுக்களையில் குழம்புக்கு வைத்திருந்த சேப்பங்கிழங்கில் நல்ல பெரியதாக ஒன்றை எடுத்து அந்த இடத்தில் புதைத்து மண்ணைத் தட்டிவிட்டேன். கண்ணாத்தாளைக் காய்ந்த மணலோடு ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டு, துணியால் மூடி, என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். ஜோசியர் ஏதோ சொல்லிக்கொண்டே தோண்டினார். கிழங்கு வெளியே வந்ததும் மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். அடுப்பில் தணலைக் கிளறி அதைப் போட்டார்கள். மாமியார் ஒப்பாரியை எடுத்தாள், நானும் முறைக்கு இரண்டு வரி கூடவே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் சுட்ட கிழங்கு வாசம். ஒப்பாரி மெல்லத் தணிந்தது. ஜோசியர் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தவர். தணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பலாகற வரைக்கும் உட்டாலும் ஆபத்துத்தானுங்க" என்றார். "சாம்பலை மண்ணுல கொட்டோணும். மண்ணுல உழுந்தா இவ மறுக்காவும் மொளைப்பா. போன தடவை பார்த்தமல்லோ?"

"அப்ப என்ன சாமி பண்றது?"

"வயித்துக்குள்ள போயிட்டா மொளைக்க வழியில்லைங்க."

தோலை உரித்து, உப்புத் தொட்டு, ஆளுக்குப் பாதியாக என் சக்களத்தியைத் தின்றார்கள். மாமியார் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மென்றுகொண்டே சொன்னாள்.

"என்ற கண்ணாத்தா! உசுரோட இருக்கறப்ப ஒரு சொல்லுச் சொன்னதில்லை. செத்தும் நாக்குல அரிக்கலையே!"

நான் கோணிச் சாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாலை அவர் வந்தார். கலைந்த டின்னைப் பார்த்தார். மாமியார் நடந்ததைச் சொன்னாள். அவர் டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். முன்னே போன இருவருக்கும் அழவேண்டியதையும் சேர்த்து அழுகிறார் என்று எனக்குப் பட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. மாமியாரோ நகர்வதாக இல்லை.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். "கட்டலுக்கு அடியில ஊறுகா ஜாடி ஒண்ணு இருக்குது. பனி படாமப் பார்த்துக்குங்க."

ஊறுகாய் பற்றிப் பேசுகிற நேரமா என்று மாமியார் என்னை முறைத்தாள். அவர் கையை விட்டுத் துழாவி, துணியை விலக்கி, மணலுக்குள் விரலை நுழைத்தார். அந்த முகம் மாறியதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். அந்தச் சமயத்தில்தான் எனக்கு முதல் வலி வந்தது.

வலி கடுமையாகத்தான் இருந்தது. மருத்துவச்சி ராமாயி ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டுவிட்டாள், அது எனக்குப் பயமாக இருந்தது. ஜாடியை ஏன் வைத்தோம் என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. அவர் கதவுக்கு வெளியே ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாராம், ராமாயி பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "கண்ணாத்தா தன்னைக் குடுத்து உன்னைக் காப்பாத்திட்டா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

சித்திரை வந்தது. அவர் ஜாடியில் மண்ணை நிரப்பி, சத்தமில்லாமல் வாசல் ஓரத்தில் குரோட்டன்ஸ்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு காலையில் மாமியார் வாசல் தெளிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்தத் தடவை கூச்சல் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் போய்ப் பார்த்தபோது அவள் ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் தின்னனே!" என்றாள். "உப்புத் தொட்டுத் தின்னனே, அம்மிணி!"

"அது சந்தைச் சேப்பங்கெழங்குங்க அத்தை."

அவள் சிவப்புக் குருத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு மெதுவாக, நான் ஏதோ மறைக்கிறேன் என்பது போலக் கேட்டாள்.

"அப்ப ஆருமே சாகலையா?"

"இல்லீங்க அத்தை. ஆருமே சாகலை."

சாணித் தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒப்பாரி இல்லை, இது வேறு அழுகை. ராகம் இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். எத்தனை வருஷக் காவல் அது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஜாடியில் கொஞ்சம் ஊற்றினாள். "நல்ல ஊறுகா ஜாடியைக் கெடுத்துட்டியேடி" என்று அதைத் திட்டினாள். மிச்சத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.